மைண்ட் என்றால் மனம்

அவுஸ்திரேலியாவில், ரோவில் என்ற புறநகரில், எங்கள் தெருவிலிருந்த வீடுகளெல்லாம் ஒரே செங்கல் நிறம். ஒரே மாதிரிக் கூரை, ஒரே மாதிரித் தபால் பெட்டி. விருந்துக்கு வரும் சொந்தக்காரர்கள் இலக்கத்தைத் தேடிக் காரை ஊர்ந்து ஊர்ந்து ஓட்டி, கடைசியில் யாரோ ஒருவரின் மணியை அடித்து மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் எங்களிடம் வந்து சேர்வார்கள். எதிர்வீட்டுக்குப் பொலிஸ்காரர் குடிவந்த பிறகு அந்தத் தொல்லை ஒழிந்தது.

"பொலிஸ் கார் நிக்கிற வீட்டுக்கு நேர் முன்வீடு," என்று அம்மா தொலைபேசியில் வழி சொல்வார். அதைச் சொல்லும்போது அவருடைய குரலில் ஒரு வீட்டுக்காரத்தனம் வந்துவிடும், அந்தக் கார் எங்களுடையது போல.

அது வெள்ளைக் கார். பக்கவாட்டில் நீலப் பட்டை, கூரையில் நீலமும் சிவப்புமாக விளக்குகள். அந்தப் பொலிஸ்காரரை எந்த நேரமும் வேலைக்கு அழைப்பார்களாம். அதனால் காரை வீட்டுக்குக் கொண்டுவர அவருக்கு அனுமதி இருந்தது. வேலை முடிந்து வந்ததும் அவர் சீருடையைக் கழற்றிவிட்டுக் காற்சட்டையோடு புல்லில் நிற்பார். கார் மட்டும் சீருடையைக் கழற்றாமல் நிற்கும்.

பட்டியல் போடும் பழக்கம் எனக்கு எட்டு வயதிலேயே இருந்தது. இப்போது அதையே வேலையாகச் செய்து சம்பளம் வாங்குகிறேன்; ஒரு இயந்திரம் எந்தெந்த வழிகளில் பழுதாகலாம் என்று வரிசைப்படுத்துவது. அன்றைக்கு நான் வரிசைப்படுத்தியது, அம்மாவுக்கு அந்தக் கார் ஏன் பிடிக்கும் என்பதை. விருந்தினருக்கு அடையாளம் என்பது ஒன்று. கள்ளர் வரமாட்டார்கள் என்பது இன்னொன்று. ஊருக்குப் போகும் தமிழ்க் குடும்பங்கள் சில, நகைகளை அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போகும் அளவுக்கு அந்தக் காரில் நம்பிக்கை வைத்திருந்தன. மூன்றாவது காரணம் நான்.

எனக்கு ஆஸ்துமா. எங்கள் வீட்டில் அதற்கு முட்டு என்று பெயர். பொலிஸ்காரர் குடிவந்த வாரம் நான் வாசற்படியில் இருந்து மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்ததை அவர் பார்த்துவிட்டு, தெருவைக் கடந்து வந்து எனக்கு முன்னால் குந்தினார். பிறகு அம்மாவிடம், இவளுக்குக் கடுமையாக வந்தால் யோசிக்க வேண்டாம், எங்கள் கதவைத் தட்டு, நான் இல்லாவிட்டாலும் மனைவி என்னைக் கூப்பிடுவாள், கொண்டுபோய்விடலாம் என்றார். அம்மாவின் ஆங்கிலம் அப்போது கடை அளவுக்குத்தான். ஆனாலும் அவர் தலைக்கு மேல் விரலைச் சுழற்றி, சைரன் போலக் கூவிக் காட்டியதால் அம்மாவுக்கு ஒரு சொல் விடாமல் விளங்கியது. அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. எங்களிடமிருந்த ஒரே காரை அப்பா காலையில் வேலைக்கு எடுத்துக்கொண்டு போனால் மாலையில்தான் வீட்டுக்கு வரும். இடையிலிருந்த நேரம் முழுவதும் அம்மா குசினி யன்னலால் எதிர்வீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

வாரா வாரம் புல்லில் எறிந்துவிட்டுப் போகும் இலவசப் பத்திரிகையில்தான் பிரச்சினை தொடங்கியது. யாரோ ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். பொதுமக்களின் வரிப்பணத்தில் ஓடும் பொலிஸ் கார்கள் ஏன் வீட்டு வாசல்களில் நிற்கின்றன? அதில் பிள்ளையைக் கால்பந்துக்கு ஏற்றிப் போவது எந்தக் கடமையில் சேரும்? அடுத்த வாரம் மறுகடிதம். பொலிஸ் கார் நிற்கிற தெருவில் நிம்மதியாக நித்திரை கொள்ளலாம், அந்த நிம்மதிக்கு என்ன விலை? அதற்கடுத்த வாரம் ஒரு பக்கம் முழுக்க அதுவே. பள்ளிக்கூட வாசலில் தாய்மார் அதைப் பற்றிப் பேசினார்கள். பால் வாங்கும் கடையில் பேசினார்கள். எங்கள் தெருவுக்குப் பத்திரிகை தேவைப்படவில்லை. பேசுபொருளே தெருவில் நின்றது.

இரண்டு வீடு தள்ளி ஒரு கிழவர் இருந்தார். எப்போதும் புல் வெட்டிக்கொண்டிருப்பதால் அம்மா அவருக்குப் புல்லுவெட்டி என்று பெயர் வைத்திருந்தார். அந்தக் கார் தெருவில் நிற்கக் கூடாது என்று அவர் ஒரு மனுவைத் தயாரித்து வீடு வீடாகக் கொண்டுவந்தார். அப்பா அதைக் கதிரையில் இருந்து கடைசி வரி வரைக்கும் வாசித்தார். பிறகு பேனையை எடுத்துத் தன் நீளமான பழைய அலுவலகக் கையெழுத்தை வைத்தார்.

கிழவர் படலையைத் தாண்டும்வரை அம்மா பொறுத்திருந்தார்.

"ஏன் வைச்சனீங்கள்?"

"அந்தாள் எழுதியிருக்கிறது சரி. அது கவண்மெந்து வாகனம்."

"அந்தப் பொலிஸ்காரப் பெடியன் ஆருக்கு என்ன கெடுதல் செய்தவன்?"

"கெடுதல் எண்டு ஆர் சொன்னது? வேலைக்கெண்டு குடுத்த வாகனத்தில பால் வாங்கப் போகக்கூடாது. அவ்வளவுதான் கதை."

"பால் வாங்க மட்டுமோ?"

அப்பா பேனையை மூடினார். "அது அவரின்ர கார் இல்லையப்பா. சனத்தின்ர கார்."

"ஓம், சனத்தின்ர," என்றார் அம்மா. "நாங்கள்தான் ஒருநாளும் சனத்தில சேர்த்தி இல்லையே."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவுஸ்திரேலியாவின் எந்த விடயத்துக்கும் என் பெற்றோர் அதற்கு முன் சண்டை பிடித்ததில்லை. தேர்தல் வந்தால்கூட இருவரும் ஒன்றாகப் போய் ஒன்றாக வருவார்கள். ஒரு வெள்ளைக்காரனின் காருக்காக ஏன் அம்மாவின் முகம் அப்படிச் சிவக்க வேண்டும்?

அப்பா ஊரில் அரசாங்க இஞ்சினியர். வன்னியில் குளங்களைப் பார்க்கும் வேலை. அதற்காக அவருக்கு ஒரு ஜீப் கொடுத்திருந்தார்கள். அது இரவில் எங்கள் வீட்டு முற்றத்தில் நிற்குமாம். விருந்தினர் வந்தால் அப்பா கட்டாயம் அந்த ஜீப்பின் கதையைச் சொல்வார். "ஒரு மூட்டை அரிசி அதில ஏறினதில்லை. சந்தைக்குப் போறதெண்டாலும் நான் சைக்கிள்தான்." வந்தவர்கள், இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனிசனா என்று வியப்பார்கள். அந்த இடம் வந்ததும் அம்மா எழும்பிக் குசினிக்குப் போவார். தேத்தண்ணி போடப் போகிறார் என்று நான் நினைத்துக்கொள்வேன். சில நேரம் தேத்தண்ணி ஏற்கெனவே கையில் இருக்கும், அப்போதும் போவார்.

அம்மாவிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. கோயிலிலோ கலியாண வீட்டிலோ புதிதாகச் சந்திப்பவர்கள், "பிள்ளையள் எத்தினை பேர்?" என்று கேட்டால், அம்மா என் தலையில் கை வைத்து, "இஞ்ச ஒண்டுதான்," என்பார். வேறு யாரும் அதைக் கவனிக்க மாட்டார்கள். எங்கள் சனத்தில் எல்லோருக்கும் ஒரு பிள்ளை கனடாவில், ஒன்று லண்டனில், ஒன்று இந்தியாவில் என்று சிதறியிருந்த காலம். இஞ்ச எத்தினை, அங்க எத்தினை என்பது சாதாரணக் கணக்கு. எங்களுக்கு அங்கே ஒருவரும் இல்லாததால், அந்த 'இஞ்ச' மரியாதைக்காகச் சேர்க்கும் ஒரு சொல் என்று நினைத்திருந்தேன்.

மனு சுற்றிக்கொண்டிருந்த நாட்களில் ஒரு சனிக்கிழமை பொலிஸ்காரரே எங்கள் வாசலுக்கு வந்தார். தெருவில் யாருக்கெல்லாம் மனக்குறை என்று தானே நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ள வந்திருக்கிறார். அப்பா கடைக்குப் போயிருந்தார். அம்மா ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்த கையோடு கதவைத் திறந்தார். எனக்கு நினைவிருப்பது அவருடைய கால்கள். ஒரு பொலிஸ்காரர் சப்பாத்தில்லாமல் வெறுங்காலோடு நின்றதை நான் வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே பேச்சு நடந்தது.

"டூ யூ மைண்ட் த கார்?" என்று அவர் கேட்டார்.

அம்மா முகம் மலர்ந்து, மாவு படிந்த கையை நெஞ்சில் வைத்தார். "யெஸ், யெஸ். வெரி மச்."

அவர் எதிரே நின்ற தன் காரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, உண்மையைச் சொன்னதற்கு நன்றி என்று சொன்னார். அம்மா அவரைப் போக விடாமல் நிறுத்தி, ஒரு தட்டில் ரோல்ஸ் வைத்துக் கொடுத்தார். அவர் தட்டை இரண்டு கையாலும் ஏந்தியபடி, வெறுங்காலோடு, மெதுவாகத் தெருவைக் கடந்தார். இப்போது நினைத்தால் பாவமாக இருக்கிறது. உன் கார் எனக்கு மிகவும் இடைஞ்சல் என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டு, தின்னவும் கொடுத்து அனுப்பும் ஒரு பெண்ணை அவர் அதற்கு முன் கண்டிருக்க மாட்டார்.

திங்கட்கிழமை கார் இல்லை. செவ்வாயும் இல்லை. பொலிஸ்காரரை அவருடைய மனைவி தன் சின்னக் காரில் கொண்டுபோய் விட்டுக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அப்பாவின் கையெழுத்து தன் வேலையைக் காட்டிவிட்டது என்று அம்மா முடிவு செய்தார். அவர் சண்டை பிடிக்கவில்லை. அப்பாவோடு கதைப்பதை மட்டும் நிறுத்திக்கொண்டார். வேண்டியதெல்லாம் என் வழியாகப் போனது. "அப்பாவைச் சாப்பிட வரச்சொல்லு." "அப்பாவிட்ட கேள், நாளைக்கு என்ன கறியெண்டு." இருவரும் ஒரே மேசையில் இருக்கும்போதும் அப்படித்தான். நான் இந்தப் பக்கம் திரும்பிச் சொல்வேன், அந்தப் பக்கம் திரும்பிச் சொல்வேன். அப்பாவும் குழம்பியிருந்தார். மனு இன்னும் தன் வீட்டில்தான் இருக்கிறது, யாரிடமும் கொடுக்கவில்லை என்று புல்லுவெட்டி அவரிடம் சொல்லியிருந்தார். அப்படியானால் கார் எங்கே போனது?

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்த விருந்தினர் எங்கள் வீட்டைக் கண்டுபிடிக்க முடியாமல், நாலு வீடு தள்ளி யாருடைய மணியையோ அடித்தார்கள்.

வசந்தத்தில் வடக்குக் காற்று வீசும் நாட்கள் எனக்கு ஆகாது. புல்லின் பூந்தூள் முழுவதையும் அள்ளிக்கொண்டு வரும். அப்படி ஒரு நாள் பள்ளிக்கூடத்தால் வந்து பையை வைக்கும்போதே முட்டுத் தொடங்கிவிட்டது. மருந்தை உறிஞ்சினேன், கேட்கவில்லை. திரும்ப உறிஞ்சினேன். அம்மா யன்னலுக்குப் போனார். எதிர்வீட்டு வாசலில் வெறும் சீமெந்து. ஆம்புலன்சுக்கு அடிக்கலாம் என்று எனக்கே தெரியும், பள்ளிக்கூடத்தில் படிப்பித்திருந்தார்கள். அம்மா தொலைபேசியைப் பார்க்கவே இல்லை. ஒரு வாகனம் வரும் என்று காத்திருப்பதை அவரால் தாங்க முடியாதென்பது எனக்கு அப்போது தெரியாது. எட்டு வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, செருப்பில்லாமல், தெருவைக் கடந்து அந்தக் கதவை உள்ளங்கையால் அடித்தார்.

பொலிஸ்காரரின் மனைவி ஒன்றும் கேட்கவில்லை. எங்களை அள்ளித் தன் காரில் போட்டார். இருக்கை முழுவதும் நாய் மயிர், காலடியில் சேற்றோடு கால்பந்துச் சப்பாத்து. ஓட்டிக்கொண்டே அவர் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டார். உனக்கு மைண்ட் என்று நீ சொன்னதால்தான் அவர் காரை ஸ்டேஷனிலேயே விட்டுவிட்டு வருகிறார், அது நின்றிருந்தால் எவ்வளவு நல்லது என்றார்.

"யெஸ், யெஸ்," என்றார் அம்மா, என் முதுகைத் தடவியபடி.

ஆஸ்பத்திரியில் முகத்துக்கு ஒரு மூடியைப் பூட்டினார்கள். அதற்குள் மருந்து புகையாக வந்தது. இயந்திரம் உஸ்ஸென்று இரைந்தது. மூச்சு வழிக்கு வரத் தொடங்கிய நேரத்தில் அப்பா வந்தார். வேலையிடத்து அடையாள அட்டை இன்னும் சட்டையில் தொங்கியது. வாசலில் நின்ற பொலிஸ்காரரின் மனைவி அவரிடம் ஏதோ சொன்னார், தோளில் தட்டினார், போய்விட்டார். அப்பா வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு அம்மாவுக்கு முன்னால் நின்றார். அன்றைக்கு நான் நடுவில் தேவைப்படவில்லை.

"கார் வேண்டாமெண்டு நீர்தானாம் சொன்னனீர்."

"ஆர், நானோ?"

"டூ யூ மைண்ட் எண்டு கேட்டவராம். நீர் யெஸ், வெரி மச் எண்டனீராம்."

"ஓம், சொன்னனான். கார் நிக்கிறதுக்கு மனமோ எண்டு கேட்டவர். மைண்ட் எண்டா மனம்தானே? மனம் எண்டனான். நல்ல மனம் எண்டனான்."

அப்பா சிரித்துவிட்டார். நான் பிழைத்துவிட்ட நிம்மதியில் வந்த சிரிப்பாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் சிரித்திருக்கக் கூடாது.

"சிரியுங்கோ," என்றார் அம்மா. குரல் உயரவில்லை. "எனக்கு இங்கிலிஸ் தெரியாமல் ஒரு கார் போச்சு. உங்களுக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சுகொண்டு, முத்தத்தில ஜீப்பை நிப்பாட்டி வைச்சிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டெல்லோ போனனீங்கள்."

"இஞ்சேர்..."

"வாடகைக்கு ஒரு கார் தேடிப் போனனீங்கள். நான் அந்த ஜீப்பைப் பாத்துக்கொண்டு கிடந்தனான். நீங்கள் காரோட வந்து சேர மத்தியானம்." இயந்திரத்தின் இரைச்சலில் அடுத்த சொற்கள் போய்விட்டன, அம்மா தன் வயிற்றில் கை வைத்தது தெரிந்தது. பிறகு, "அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுது," என்பது மட்டும் கேட்டது.

"பிள்ளை கேக்குது," என்றார் அப்பா.

மூடிக்குள் இருந்து நான் எனக்குத் தெரிந்தவரை யோசித்துப் பார்த்தேன். அவர்கள் எங்கேயோ போகப் புறப்பட்டிருக்கிறார்கள். அப்பா ஜீப்பைத் தொட மாட்டேன் என்று அடம்பிடித்ததில் பிந்திப்போய்விட்டது. போவதற்குள் முடிந்துவிட்டது. ஒரு கலியாணமாக இருக்கலாம், திருவிழாவாக இருக்கலாம். அம்மா இவ்வளவு காலமும் அதை மறக்காமல் வைத்திருந்தார் என்பதால், பெரிய திருவிழாவாக இருந்திருக்க வேண்டும் என்று தீர்மானித்தேன்.

அடுத்த நாள் மாலை அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு புல்லுவெட்டியிடம் போனார். மனுவில் தன் பெயரை வெட்டிவிடச் சொன்னார். வைத்த கையெழுத்தை அவர் திருப்பி எடுத்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கிழவர் புல்வெட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"சேஞ்ச்ட் யுவர் மைண்ட், மேட்?"

அந்தச் சொல்லைக் கேட்டதும் அப்பா திடுக்கிட்டதை நான் கண்டேன். மைண்ட் என்றால் மனம்தானா, வேறு ஏதாவதா என்று அவரும் ஒருகணம் யோசித்திருப்பார். பிறகு, "யெஸ்," என்றார். "வெரி லேட். பட் யெஸ்."

அங்கிருந்து பொலிஸ்காரரின் வீட்டுக்கு. குளியலறைக்குள் அப்பா அந்த வசனத்தை முன்கூட்டியே சொல்லிப் பார்த்தது எனக்குக் கேட்டிருந்தது. கதவு திறந்ததும் பள்ளிக்கூடப் பிள்ளை போல நின்று ஒப்பித்தார். "மை வைஃப் டஸ் நாட் மைண்ட். ஐ ஆல்சோ டு நாட் மைண்ட். பிளீஸ் பிரிங் த கார்." பொலிஸ்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். உள்ளே போய், கழுவி வைத்திருந்த எங்கள் தட்டை எடுத்து வந்து கொடுத்தார்.

மறுநாள் கார் வந்து நின்றது. அம்மா துள்ளுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் யன்னலால் ஒருதரம் பார்த்தார். "வந்திட்டுது," என்றார். அப்பா கதிரையில் இருந்தபடி அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அவருக்கு முன்னால் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தார். வைத்துவிட்டு, "சீனி போட்டிருக்கு," என்றார், என்னிடம் சொல்லாமல் நேராக அவரிடமே. கேட்டது கிடைத்த பிறகும் அம்மாவின் கண்கள் ஏன் கலங்கியிருந்தன என்பது என் பட்டியல் எதிலும் அடங்கவில்லை.

நன்றி சொல்வதற்காக, அந்த ஞாயிற்றுக்கிழமை பொலிஸ்காரரையும் மனைவியையும் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டோம். அவர்கள் தெருவைக் கடந்து நடந்தே வந்தார்கள். அம்மா குசினியில் கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டு வந்து அப்பாவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். பேச்சு ரோல்ஸில் தொடங்கி, நாயைத் தொட்டு, கார் வழியாக வேலைக்கு வந்தது. ஊரில் நீங்கள் என்ன வேலை செய்தீர்கள் என்று பொலிஸ்காரர் அப்பாவைக் கேட்டார். குளங்களைப் பார்க்கிற வேலை என்றார் அப்பா. வேலைக்கு வாகனம் தந்தார்களா என்று அவர் கேட்டபோது, ஜீப்பின் கதை வரப்போகிறது என்று நான் நிமிர்ந்து இருந்தேன். அரிசி மூட்டை, சைக்கிள், எல்லாம் எனக்கு மனப்பாடம்.

"யெஸ், எ ஜீப்," என்றார் அப்பா. அதோடு நிறுத்திக்கொண்டார்.

பேச்சில் விழுந்த இடைவெளியை நிரப்புவதற்காகப் பொலிஸ்காரரின் மனைவி என்னைக் காட்டிச் சிரித்து, ஒரே ஒரு பிள்ளைதானா என்று கேட்டார்.

அம்மா வழக்கம் போல என் தலையில் கை வைத்தார். "ஹியர் ஒன்," என்றார்.

"டூ," என்றார் அப்பா.

அம்மாவின் கை என் தலையிலேயே நின்றது. குசினியில் கேத்தில் கூவத் தொடங்கியது.

அப்பாவுக்குக் கணக்குப் பிழைத்து நான் ஒருநாளும் கண்டதில்லை. வந்தவர்களுக்கு முன்னால் அவருக்கு வெட்கமாகிவிடக் கூடாது என்று, மெதுவாகத் தமிழில் திருத்தினேன்.

"ஒண்டுதானப்பா."

யாரும் என்னைப் பார்க்கவில்லை. அம்மா அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேத்தில் கூவிக்கொண்டே இருந்தது. எந்தக் கதைக்கு நடுவிலும் எழும்பிக் குசினிக்குப் போகிற அம்மா அன்றைக்கு எழும்பவில்லை. கடைசியில் அடுப்பை அணைக்க நான்தான் போனேன். போகிற வழியில், அப்பா சொன்னதில் ஏதாவது இருக்குமோ என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ஒன்றுதான் வந்தது.